நானூத்திப் பதிமூணாவது ஆளு

ஏனுங் தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அவினாசி தாண்டுனதுலிருந்து பாத்துட்டு வர்றேன். அந்தப் போனுல ஒருத்தரு நின்னு என்னமோ பேசிட்டே இருக்கறாரு. நீங்க அதை மடியில கவுத்து வெச்சுப்போட்டு சன்னல்ல வேடிக்கை பாத்துட்டு வர்றீங்க. அப்பப்பத் திருப்பி ஒரு தட்டு, மறுக்காக் கவுத்தறது. ஆபீசு டிரெய்னிங்குங்களா? அதான பாத்தேன். 'இன்னும் பாக்கறீங்களா'ன்னு நடுவுல நடுவுல கேக்குமே, அதுக்குத்தான அந்தத் தட்டு? அட, சிரிக்காதீங்க. எனக்குத் தெரியாதுங்களா? அதுல பழந்தின்னு கொட்டை போட்டவன் நானு.

என்ற பேரு சென்னியப்பன். பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால, மாவு மில்லுக்கு மேல அங்காளம்மன் வீடியோஸ்னு பலகை இருக்கும், பாத்திருப்பீங்க. பாத்ததில்லீங்களா? சரி, அடுத்த தடவ பாருங்க. முப்பத்தியொரு வருசமா கண்ணாலம், காதுகுத்து, சீரு, கிரகப்பிரவேசம், எல்லாம் நாமதான். போன மாசம் ஒரு டிரெய்னிங் வீடியோவும் புடிச்சேன். சும்மா இல்லீங்க, நானூத்திப் பன்னெண்டு பேரு ஒருத்தரு பாக்கியில்லாம கடைசி வரைக்கும் பாத்த வீடியோ. ஆனா அதுல என்ற பேரு இல்ல. 'ஒளிப்பதிவு சென்னியப்பன்'னு ரெண்டே வார்த்தை. போட்டா என்னங்க கொறைஞ்சா போயிரும்? ரோசா இதழு ஒண்ணொண்ணா விழுந்து, அதுக்குள்ளாரருந்து பேரு விரியற மாதர பண்ணி வெச்சிருந்தேன். வெட்டுங்கன்னுட்டாங்க.

அந்த ஆத்தாமையத்தான் சொல்ல வந்தேன். பெருந்துறை வர்ற வரைக்கும் கேளுங்க. உங்க வீடியோ பாட்டுக்கு ஓடட்டும்.

சிப்காட்டுல ஒரு மில்லு. பேரு வேண்டாமுங்க, நல்ல மனுசங்க. துணிக்குச் சாயம் போடற மில்லு, வெளிநாட்டுக்குப் போவுது. வாங்கறவன் சும்மா வாங்கறானுங்களா? வேலை செய்யற அத்தன பேருக்கும் பாதுகாப்புப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கோணும், அதை வீடியோ புடிச்சு அவிய அவிய போனுக்கு அனுப்போணும், எத்தன பேரு முழுசாப் பாத்தாங்கன்னு கணக்குக் காட்டோணும். வருசத்துக்கொருக்கா ஆடிட்டுன்னு ஒருத்தரு வந்து கேப்பாரு. இதையெல்லாம் பாத்துக்கறதுக்குன்னே ஒரு புள்ளைய வேலைக்கு வெச்சிருந்தாங்க. இவாஞ்சலின்னு பேரு. நாகர்கோயில் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, மழை பேஞ்சாப்ல பேசும் அந்தப் புள்ள. நாங்க 'ஏனுங்'னு இழுத்து முடிக்கறதுக்குள்ள அது பத்து வார்த்தை பேசிரும்.

அந்தப் புள்ளைக்கு ஆறு மாசம் பாத்துட்டுத்தான் வேலை நிரந்தரம்னு சொல்லி வெச்சிருந்தாங்க. முந்தி ரெண்டு வீடியோ எடுத்தாங்களாமா. கோயமுத்தூர்லிருந்து பெரிய கம்பெனிக்காரங்க வந்து, பச்சைத் துணி கட்டி, ரெண்டு கேமரா வெச்சு, பின்னால இங்கிலீசுல படமெல்லாம் ஓட உட்டு எடுத்தது. எத்தன பேரு பாத்தாங்கன்னு நெனைக்கறீங்க? நானூத்திப் பன்னெண்டுல இருவத்திமூணு. அதுலயும், ஹாஸ்டல்ல ஒரு புள்ள பாயில பத்துப் பேரு போனையும் வரிசையா வெச்சுட்டு, சீட்டு வெளையாடறாப்ல ஒண்ணொண்ணாத் தட்டிட்டு உக்காந்திருக்குமாமா. மேனேஜர் சிவப்பிரகாசம் சாரு கூப்ட்டுச் சொல்லிட்டாரு: "மூணாவது வீடியோவும் இப்படித்தான்னா நீ ஊருக்குக் கெளம்பிக்கலாம்மா." ஊருக்குப் போனா? மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரிக்காரரு மாப்பிள்ளை ரெடியா உக்காந்திருக்காரு. ஊட்டுல சண்டை போட்டுட்டு வேலைக்கு வந்த புள்ளைங்க அது. திரும்பிப் போனா அடுத்த மாசமே கேக்கு வெட்டோணும்.

அப்பத்தான் என்னையத் தேடி வந்துச்சு. எப்படித் தெரியுங்களா? மில்லு ஹாஸ்டல் புள்ள ஒண்ணுக்குக் கண்ணாலம், நான்தான் வீடியோ. மூணேகால் மணி நேரம். அதை ஹாஸ்டல்ல முப்பது புள்ளைக ஒரே போனைச் சுத்திக் குமிஞ்சு உக்காந்து, மத்தியானச் சோத்துக்குக்கூட எந்திரிக்காமப் பாத்திருக்குதுக. இவாஞ்சலின் மேடம் அதை வாசப்படியில நின்னு பாத்திருக்குது. மறுநாளு நம்ம கடையில வந்து நிக்குது. வேலைன்னு ஒண்ணு இருந்தா பேரு தானா பரவுமுங்க. நானு ஆல்பம், டிரோன் ஷாட்டு, அன்னம் ரெண்டு சேந்து இதயமாகற டிசைனு, எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். அது ஒண்ணையும் தொடல. ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

"அண்ணே, நீங்க ஒருத்தரையும் உடமாட்டியளாமே, எல்லாரையும் எடுத்துருவியளா?"

"அதென்னுங் மேடம் அப்படிக் கேட்டுப்போட்டீங்க? கண்ணாலத்துக்கு வந்த மூஞ்சி ஒண்ணு வீடியோவுல இல்லீன்னா நான் கேமராவைத் தூக்கிக் காலிங்கராயன் வாய்க்கால்ல போட்டுருவேன்"னேன்.

சும்மா சொல்லலீங்க தம்பி. அது என்ற தொழில் சட்டம். தொழிலுக்கு வந்த புதுசுல, கொடுமுடிப் பக்கம் ஒரு கண்ணாலம். பொண்ணோட தாய்மாமன் சீர்த்தட்டத் தூக்கிட்டு வாரப்ப நான் பேட்டரி மாத்திட்டிருந்தேன். மாமன் வீடியோவுல இல்ல. "எங்கள வேணும்னேதான் வெட்டுனீங்க"ன்னு ஆரம்பிச்சுது பாருங்க, ஒம்பது வருசம் ரெண்டு குடும்பமும் பேசல. ஒரு பேட்டரிக்கு ஒம்பது வருசம்! அன்னைலிருந்து ஒரு மூஞ்சியையும் உடறதில்ல. பந்தியில எலை எடுக்கறவங்க, சமையக்கட்டுல தேங்கா துருவற ஆத்தா, பந்தக்காரரு, வாசல்ல செருப்புப் பாத்துக்கற பெரியவரு, எல்லாரையும் வீடியோ கடைசியில, மணமக்கள் கையசைச்சுட்டு கார்ல போனதுக்குப் பொறகு வரிசையாப் போட்டு முடிப்பேன். அதுதான் அங்காளம்மன் முத்திரை.

சரின்னு மில்லு கேண்டீன்ல ரெண்டு நாளு எடுத்தேன். தவணைக்கு நூறு நூறு பேரா நாலு தவணை. அந்தப் புள்ள நின்னு பாடம் நடத்துது. "கேட்டியளா மக்களே, கெமிக்கல் கண்ணுல தெறிச்சா கசக்கப்பிடாதாக்கும். மேனேஜரத் தேடியும் ஓடப்பிடாதாக்கும். நேரா கண்ணு கழுவுத கொழாய்க்குப் போயி, ரெண்டு எமையையும் வெரலாலத் தொறந்து புடிச்சு, பதினஞ்சு நிமிசம் தண்ணியாக்கும்." இதெல்லாம் என்னமோங்க, நான் பாடத்தையெல்லாம் காதுல வாங்கறதில்ல. எனக்கு லைட்டு, மூஞ்சி, அவ்வளவுதான். பக்கத்துல ஒரு ஆளு நின்னு கடியாரம் பாக்கோணும், ஏன்னா எரியறப்ப ரெண்டு நிமிசமே பதினஞ்சாத் தோணும். அந்தத் தண்ணியும் சாதாத் தண்ணியா இருக்கோணும், ஐஸ் தண்ணி ஆகாது. என்ன? நானெங்கீங்க கேட்டேன், எடிட்டிங்ல ஓடிட்டிருக்குமில்லீங்க, அப்படியே காதுல உழுந்திருக்கும்.

எடிட்டிங்லதான் எங்களுக்குள்ள தகராறு. மேடம் பேசிட்டே இருக்கும், மூலையில சின்ன முட்டைச் சட்டத்துக்குள்ள ஒவ்வொரு மூஞ்சியா வந்து வந்து போகும். அது என்ற டிசைனு. நானு டிபார்ட்மெண்டு வாரியா வரிசையாப் போட்டிருந்தேன், முன்னால சாயம், பொறகு காய வெக்கறவங்க, பொறகு பேக்கிங்கு. அந்தப் புள்ள பாத்துட்டு, "அண்ணே, எல்லாத்தையும் கலைச்சுப் போடுங்க. ஆருக்க முகம் எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியப்பிடாது"ங்குது. என்னத்தச் சொல்றது. சின்னப் புள்ளைக்கு வரிசையோட அழகு தெரியுங்களா? சரி, சம்பளம் குடுக்கறவங்க சொல்றாங்கன்னு கலைச்சுப் போட்டேன். அப்பறம் ரோசா இதழு வேண்டாம், அன்னம் வேண்டாம், பாட்டு வேண்டாம். என்ற பேரும் வேண்டாம். "சேஃப்டி வீடியோல பேரு போட மாட்டாவ அண்ணே"ன்னு சிரிக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாளு கடையத் தொறக்கல.

ஒண்ணு மட்டும் நான் உட்டுக்குடுக்கலீங்க. முடிவு. மேடம் நன்றி சொல்லி முடிஞ்சதுக்குப் பொறகு, நம்ம முத்திரைப்படி, டீ ஊத்துன கேண்டீன் மாஸ்டரு ரெண்டு பேரு, கேட்டு வாச்மேனு, அப்பறம் கடேசியா ஒரு அம்மிணி. பாவாயின்னு பேரு. கூட்டிப் பெருக்கறவங்க. காண்ட்ராக்டுல வந்தவங்கறதால டிரெய்னிங்குல அவங்களுக்கு எடமில்ல. நாலு தவணையும் மாப்புக் கட்டையப் புடிச்சுட்டு கேண்டீன் வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. நான் கேமராவத் திருப்புனதும் முந்தானையால வாயப் பொத்திட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க பாருங்க. முழுத் திரையில போட்டேன். நாலு செகண்டு. அதோட முடியும்.

வீடியோ போச்சுங்க நானூத்திப் பன்னெண்டு போனுக்கும். தொறக்கற போனோட நம்பரு மில்லுக் கணக்குல தானாப் பதிஞ்சுக்கும். தள்ளி உட்டுப் பாக்க முடியாது, முதல்லருந்து முடிய ஓடோணும், நாப்பத்திரெண்டு நிமிசம். மொத நாளே இருநூறு பேரு. மறுநாளு முந்நூத்தி எம்பது. கேண்டீன்ல, பஸ்சுல, ஹாஸ்டல் மாடிப்படியில, எங்க பாத்தாலும் "ஏய் நீ வந்துட்டியா, நான் இன்னும் வரலடி"ன்னு ஒரே சத்தமாமா. அந்தப் பக்கத்துல ஒருத்தி, "நான் சோறு வாங்கிட்டு வர்றேன், என்ற மூஞ்சி வாரப்ப கூப்புடுங்கடி"ங்கறா. மூணாம் நாளு நானூத்திப் பன்னெண்டும் முடிஞ்சுது. எல்லாம் எடிட்டிங்குங்க. நான் சொன்னா தற்பெருமைம்பீங்க.

நாலாம் நாளு எனக்குப் போனு. சிவப்பிரகாசம் சாரு. உடனே வாங்கன்னாரு. போனா அந்தப் புள்ள அழுது மூஞ்செல்லாம் வீங்கி நிக்குது. கம்ப்யூட்டருல காட்டறாரு: பாத்த போனு நானூத்திப் பதிமூணு.

"கம்பெனியில இருக்கறதே நானூத்திப் பன்னெண்டு பேரு. இந்தப் பதிமூணாவது ஆளு யாருய்யா?"ங்கறாரு.

எனக்கு என்ன தெரியும்? மில்லு வீடியோ வெளியாளு கையில சிக்கக்கூடாதுன்னு வாங்கறவன் கூட ஒப்பந்தமாமா. திங்கக்கெழமை ஆடிட்டு. "வெளிய உட்டது ஆருன்னு திங்கக்கெழமைக்குள்ள தெரியலீன்னா, உன்னைய வேலைலருந்து நிறுத்தித்தான் நான் கணக்குச் சொல்லோணும்"னு அந்தப் புள்ளையப் பாத்துச் சொல்றாரு. அப்பறம் எம்பக்கம் திரும்பி, "நீ உன்ற கண்ணாலப் பார்ட்டிகளுக்குச் சாம்பிள் காட்டுனியா?"ன்னாரு.

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. "ஏனுங் சார், கண்ணாலம் பேச வர்றவங்களுக்குக் கண்ணு கழுவறதையா காட்டுவேன்?"னு கேட்டேன். கேட்டதுல ஒண்ணும் தப்பில்லீங்களே? அப்பறம் கொஞ்சம் ஆறி, "உள்ள என்னமோ வெவரம் இருக்குமுங்க, கீழ தள்ளிப் பாருங்க"ன்னேன். பயத்துல அதுவரைக்கும் ஒருத்தரும் கீழ தள்ளிப் பாக்கல. அந்தப் புள்ள தள்ளுச்சு. அந்தப் பதிமூணாவது போனு வீடியோவ ஒரு தடவ பாக்கல தம்பி. பதினோரு தடவ! தெனமும் மத்தியானம் ஒண்ணுலிருந்து ரெண்டுக்குள்ள ஒருக்கா, அப்பறம் விடிகாலையில, சாயங்காலம், ஒவ்வொரு தடவையும் முழுசா, நாப்பத்திரெண்டு நிமிசம்.

அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு பக்கம் சந்தோசமா இருந்துச்சு, மறைக்காமச் சொல்றேன். எங்கயோ ஒரு ரசிகன் இருக்கறானே.

"நம்பரு இருக்கு சார்"ன்னு புள்ள சொல்லுச்சு. "அடி"ன்னாரு. அடிச்சுது.

போனு மணி வெளிய கேக்குதுங்க. ஆபீசு ரூமு வாசல்ல. சாமிப் பாட்டு, நல்ல சத்தமா. நாங்க மூணு பேரும் திரும்பிப் பாக்கறோம். கதவுக்கு அந்தப் பக்கம் பாவாயி மாப்ப செவுத்துல சாத்திப்போட்டு, இடுப்புலருந்து போன எடுத்து, கண்ணச் சுருக்கிப் பாத்து, "ஆருங்க?"ன்னாங்க. இந்தப் பக்கம் மேனேஜரு ரிசீவரப் புடிச்சுட்டு முழிக்கறாரு. "நான் மேனேஜர் பேசறேன்"னு போனுலயே சொல்றாரு. அவங்க அஞ்சடி தள்ளி நின்னுட்டு, "வணக்கமுங்க சார், உங்க ரூமுதாங்க தொடச்சுட்டிருக்கறேன்"ங்கறாங்க. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, இருமற மாதர வெளிய போயிட்டேன்.

ஹாஸ்டல் புள்ள ஒண்ணு, "அக்கா நீயும் இதுல வர்றே, பாரு"ன்னு அனுப்பி உட்டுருக்குது. அவ்வளவுதான் நடந்தது. வெளிய போகவேயில்ல, மில்லுக்குள்ளயேதான் சுத்திட்டிருந்துச்சு. மேனேஜருக்கு உசுரு வந்துச்சு. ஆனா அதோட உட்டாரா? "இந்த அம்மாவ வீடியோவுலருந்து வெட்டிருங்க. ஆடிட்டரு பாத்தா இது ஆரு, ரிஜிஸ்டர்ல பேரு எங்கன்னு கேப்பாரு. திங்கக்கெழமைக்குள்ள வெட்டுன வீடியோ ஏறியிருக்கோணும்"னுட்டாரு. புள்ளையப் பாத்து, "உன்ற வேலையப் பத்தி ஆடிட்டு முடிஞ்சு பேசிக்கலாம்"னாரு.

நாலு செகண்டு. ஒரு தட்டுல போயிரும் தம்பி. சனிக்கெழமை கடையில உக்காந்து அதைக் கொண்டாந்து நிறுத்திட்டுப் பாக்கறேன். முந்தானைய வாயில வெச்சுட்டுச் சிரிக்கறாங்க. எனக்குக் கொடுமுடி மாமன் ஞாபகம் வந்துருச்சு. கை போகமாட்டீங்குது. இரக்கம்னெல்லாம் நெனைச்சுக்காதீங்க, தொழில் தெரிஞ்சவன் பேசறேன்: அதை வெட்டுனா முடிவு அந்தரத்துல நிக்கும், பாக்கறவனுக்கு என்னமோ கொறையும். மேனேஜரு சனிக்கெழமை ரெண்டு தடவ போன் பண்ணுனாரு. "சிஸ்டம் மெதுவா ஓடுதுங் சார், இன்னைக்கு நாப்பது சதவீதம் ஆயிருக்குது"ன்னேன். ஞாயித்துக்கெழமை, "அறுவது ஆயிருச்சுங் சார்"ன்னேன். என்ற சிஸ்டம் அணைஞ்சு கெடந்துச்சு. நான் குடும்பத்தோட சென்னிமலைக்குப் போயிட்டேன்.

திங்கக்கெழமை ஆடிட்டு. கடைசி மீட்டிங்க வீடியோ புடிக்கோணும்னு என்னையும் வரச் சொல்லிருந்தாங்க. அதனால எல்லாத்தையும் என்ற கண்ணால பாத்தேன். மெட்ராஸ்லருந்து ஒருத்தரு, வழுக்கை, கையில அட்டை. மில்லுக்காரங்க வழக்கம் தெரியுமில்லீங்க? கெட்டிக்காரப் புள்ளைக பத்துப் பேருக்குப் புதுச் சட்டை குடுத்து, கேள்வி பதிலெல்லாம் உருப்போட வெச்சு, வாசல்லயே நிறுத்தி வெப்பாங்க. பொண்ணு பாக்க வந்தா பஜ்ஜி தட்டு முன்னால வர்ற மாதர. இந்த மனுசன் எத்தன மில்லப் பாத்திருப்பாரு? அந்தப் பத்துப் பேரையும் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு, நேரா உள்ள போயி, சாயம் கலக்கற எடத்துல குனிஞ்சு தொடச்சுட்டிருந்தவங்க முன்னால நின்னாரு.

ஆருங்கறீங்க? பாவாயிதான்.

இவாஞ்சலின் மூஞ்சியில ரத்தமே இல்ல. மேனேஜரு எதையோ சொல்ல வாயத் தொறந்தாரு, ஆடிட்டரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

"அம்மா, இந்தக் கெமிக்கல் கண்ணுல பட்டா என்ன செய்வீங்க?"

பாவாயி மாப்பக் கீழ வெச்சாங்க. முந்தானைய இழுத்துச் சொருகுனாங்க. அப்பறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. "கேட்டியளா மக்களே, கசக்கப்பிடாதாக்கும்! மேனேஜரத் தேடியும் ஓடப்பிடாதாக்கும்!" ஐயோ, அப்படியே அந்தப் புள்ளையோட நாகர்கோயில் பேச்சு. பெருந்துறைக்காரிங்க அவங்க! ரெண்டு வெரலால எமையத் தொறந்து காட்டறாங்க, பதினஞ்சு நிமிசங்கறாங்க, பக்கத்துல ஒரு ஆளு கடியாரத்தோட நிக்கோணும்ங்கறாங்க. வீடியோவுல நடுவுல மேடம் ஒருக்கா இருமிருக்கும், அந்த எடத்துல இவங்களும் இருமிட்டு மேல சொல்றாங்க. ஆடிட்டரு அட்டையால வாய மறைச்சுட்டாரு.

"அந்தக் குழாய் எங்க இருக்கு?"

"வாங்க மக்களே"ன்னு கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் கொழாய்க்கு முன்னால எப்பவும் நூல் பெட்டி அடுக்கிருக்கும். ஊரறிஞ்ச ரகசியம். போய்ப் பாத்தா, பளிச்சுன்னு இருக்குதுங்க. ஒரு பெட்டி இல்ல. கொழாயத் தொறந்தா தண்ணி பீச்சி அடிக்குது. "இத ஆரு சுத்தம் பண்ணுனது?"ன்னா, "நாந்தானுங்க. முன்னால ஒண்ணும் வெக்கப்பிடாதுன்னு மேடம் சொல்லுச்சில்லீங்க, தெனமும் காலையில நகத்திப்போடுவேன்"ங்கறாங்க. அப்பத்தான் சொந்தப் பேச்சு வந்துச்சு.

ஆடிட்டரு ரிஜிஸ்டரக் கேட்டாரு. பக்கம் பக்கமாத் தள்ளறாரு. பேரு இல்ல. மேனேஜரு கைக்குட்டைய எடுத்துட்டாரு. அப்பத்தான் அந்தப் புள்ள முன்னால வந்துச்சு.

"சார், இவங்க பேரு இதுல இல்ல. நாங்க நானூத்திப் பன்னெண்டு பேருக்குத்தான் பாடம் நடத்துனோம். காண்ட்ராக்டுல இருக்கவங்கள விட்டுட்டோம். தப்புதான். இவங்க வாசல்ல நின்னு, அப்புறம் வீடியோவப் பாத்துத் தானாப் படிச்சிருக்காங்க. பதினோரு தடவை."

அவ்வளவு வேகமாப் பேசற புள்ள, அன்னைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசுச்சு. வேலை போனாலும் போகட்டும்னு துணிஞ்சவங்க பேச்சு அது. நான் அந்தப் புள்ள மூஞ்சிக்குக் கிட்டக்க கேமராவக் கொண்டு போனேன். ஆடாமப் புடிச்சிருந்தேன்.

ஆடிட்டரு ரொம்ப நேரம் எழுதுனாரு. அப்பறம் படிச்சுக் காட்டுனாரு. காண்ட்ராக்டு ஆளுங்க முப்பத்தெட்டு பேருக்கும் ஒரு மாசத்துல பாடம் நடத்தி, பேரு ஏத்தோணும், அது குத்தம். பாடம் எப்படின்னா, இந்த வருசம் அவரு பாத்த மில்லுலயே இதுதான் மனசுல ஏறுன பாடம், அது பாராட்டு. மேனேஜருக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியல. கடைசில ரெண்டும் இல்லாம, "இவாஞ்சலின், அந்த முப்பத்தெட்டு பேத்துக்கும் நீயே நடத்திரும்மா"ன்னாரு. வேலை நிரந்தரமாயிருச்சுங்க. மார்த்தாண்டத்துப் பேக்கரிக்காரரு வேற எடம் பாத்துட்டாராமா, நல்லா இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல நானூத்திப் பதிமூணுன்னு நம்பர் போட்டு மொதல்ல ஏறுன பேரு பாவாயி.

போறப்ப மேனேஜரு எம்பக்கத்துல வந்து, "அந்த வீடியோ எத்தன சதவீதம் ஆச்சு?"ன்னாரு. "நின்னு போச்சுங் சார்"ன்னேன். "நிக்கட்டும் நிக்கட்டும்"னுட்டுப் போயிட்டாரு.

கேட்டுக்கிட்ட டீ குடிச்சுட்டிருக்கறப்ப பாவாயி வந்தாங்க. நான் உட்டுருவனா? "ஏனம்மிணி, பதினோரு தடவ பாத்தீங்களாமே, எது புடிச்சுது? அந்த முட்டைச் சட்டமா? கலரா?"ன்னேன்.

"அதெல்லாம் என்ன எழவோங்ணா. நான் கடேசியில வர்றனில்லீங்க, அதைப் பாக்கோணும்னா முழுசா ஓட்டித்தான ஆகோணும். தள்ளி உட முடியலியே"ன்னாங்க. வெள்ளந்தியான பொம்பள, கலையப் பத்தி அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல, பாவம். அப்பறம் என்னையவே பாத்துட்டு நின்னாங்க. "ஏனுங்ணா, மில்லுல இருக்கற அத்தன மூஞ்சியும் அதுல வருது. வாச்மேன் வரைக்கும் வர்றாரு. நானும் ஒவ்வொருக்காவும் தேடறேன், உங்களக் காணமே?"

"படம் புடிக்கறவன் படத்துல வரமாட்டானுங்க அம்மிணி"ன்னேன்.

"அதெப்படிங்க?"ன்னுட்டு இடுப்புலருந்து போன எடுத்துட்டாங்க. "அசையாம நில்லுங்க."

தம்பி, ஆயிரம் மாப்பிள்ளைக்கு 'தாடையை இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க'ன்னு சொன்னவன் நானு. எனக்குக் கையை எங்க வெக்கறதுன்னு தெரியல. டீ டம்ளரத் தலைக்கு நேராத் தூக்கிட்டு நின்னுட்டேன்.

அடடே, உங்க வீடியோ முடிஞ்சிருச்சாட்டருக்குது, பச்சையில டிக்கு உழுந்துருச்சு பாருங்க. வாழ்த்துகளுங்க! அவரு என்ன சொன்னாருன்னு மட்டும் ஆரும் கேட்டுராம பாத்துக்கோங்க.

நம்ம ஸ்டாப்பு வருது. அந்த முப்பத்தெட்டு பேத்தையும் நாளைக்குப் புடிக்கோணும், அதுக்குத்தான் கோயமுத்தூர் போயி இந்த மைக்கு வாங்கிட்டு வர்றேன். இருங்க, எறங்கறதுக்குள்ள அந்தப் படத்தைக் காட்டிப்போடறேன். பாவாயி அனுப்பி உட்டாங்க. பாத்தீங்களா? ஒரே ஆட்டம். தலைக்கு மேல எடமே உடல, நெத்தி பாதி போச்சு. மூலையில அவங்க வெரலு. வெளிச்சம் பின்னாலருந்து வந்து மூஞ்சி இருட்டு. முப்பத்தியொரு வருசத்துல நான் இருக்கற படம் இது ஒண்ணுதான், அதையும் இப்படிப் புடிச்சு வெச்சிருக்காங்க. கண்டக்டர், சித்த நிறுத்துங்க, பை மேல இருக்குது! பதினாலு தடவ பாத்துட்டேனுங்க தம்பி, குத்தங் கண்டுபுடிக்கத்தான்.